'ஆங்க்ரி ஆன்' ஏன் தவறு? ஆங்கிலப் பெயரடைக்குப் பின் வரும் முன்னிடைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் செவிலியர்கள், தி.நகர் துணிக்கடையில் நிற்கும் பையன்கள், வெளிநாட்டில் பிறந்த பேரனோடு பேச ஆசைப்படும் மாமிகள் எனப் பலரும் வருகிறார்கள். யார் வந்தாலும் மூன்றாவது வாரத்தில் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். கோபம், பயம், பெருமை, பழக்கம் ஆகியவற்றைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஆன் போடுவதா, வித் போடுவதா, ஆஃப் போடுவதா?

அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அதிலிருந்து எடுத்தவைதான் இவை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். இவை காதில் தங்க வேண்டியவை, ஆகவே வாய்விட்டுப் படியுங்கள். பள்ளியில் அட்ஜெக்டிவ் என்று படித்தது இங்கே பெயரடை; ப்ரெபொசிஷன் என்று படித்தது முன்னிடைச்சொல்.

பெயரடைக்குப் பின்னால் இந்தக் குட்டிச் சொல் எதற்கு? அது இல்லாமல் சொன்னால் புரியாதா?

புரியும். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் டாக்' என்று சொன்னால் உங்களுக்கு நாய் என்றால் பயம் என்பதை எதிரில் இருப்பவர் ஊகித்துக்கொள்வார். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் நம்மிடம் 'நான் நாய் பயம்' என்று சொன்னால் நம் காதில் எப்படி விழுமோ, அப்படித்தான் அவர் காதில் இது விழும். 'எனக்கு நாயைக் கண்டால் பயம்' என்று நாம் சொல்லும்போது 'கு' ஒரு வேலை செய்கிறது, 'ஐ' ஒரு வேலை செய்கிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களின் வால் வேற்றுமைக்கு ஏற்ப மாறியது. 'நிறைந்த' என்று பொருள்படும் ஃபுல் என்ற சொல், நம் ஆறாம் வேற்றுமையை ஒத்த விகுதியோடு கூடிய பெயரைக் கேட்டு வாங்கியது. பின்னர் அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. அவற்றின் வேலையில் பெரும்பகுதி முன்னிடைச்சொற்களிடம் வந்து சேர்ந்தது. இன்று 'ஃபுல் ஆஃப் வாட்டர்' என்னும்போது உதிர்ந்த விகுதியின் இடத்தில் அந்த ஆஃப் நிற்கிறது. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் படித்தவர்கள் நாம். இந்த விஷயம் நமக்குப் புதிதே அல்ல.

'ஆங்க்ரி ஆன் மீ' என்றால் என்ன தவறு? அவருக்கு என் மேல்தானே கோபம்?

தமிழில் கோபம் ஒருவர் 'மேல்' வருகிறது. மேல் என்று மனம் நினைத்ததும் கை ஆன் எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆளைச் சொன்னால் 'ஆங்க்ரி வித் மீ' அல்லது 'ஆங்க்ரி அட் மீ'. காரியத்தைச் சொன்னால் 'ஆங்க்ரி அபவுட் த டிலே', அதாவது தாமதம் பற்றிய கோபம். ஆன் இதில் எந்த வழியாகவும் நுழையாது. சென்னையில் நான் திருத்துகிற தவறுகளில் இதற்குத்தான் முதலிடம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் மேலாளருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். 'ஐ நோ யூ ஆர் ஆங்க்ரி ஆன் மீ' என்று தொடங்கியிருந்தது. மீதி ஒன்பது வரியிலும் ஒரு பிழை இல்லை. முதல் வரியில் ஒரே ஒரு சொல்லை அடித்து வித் என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு நல்ல கடிதத்தை அந்த ஒரு சொல் கெடுக்க விடக்கூடாது என்று தோன்றியது.

தமிழில் 'மேல்' போட்டுச் சொல்லும் மற்ற உணர்ச்சிகளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பொறாமை என்றால் ஜெலஸ் ஆஃப். சந்தேகம் என்றால் சஸ்பிஷஸ் ஆஃப். பிரியம் என்றால் ஃபாண்ட் ஆஃப். எரிச்சல் என்றால் அனாய்ட் வித். பித்தாக இருந்தால் கிரேஸி அபவுட். உண்மையிலேயே ஆன் எடுப்பது, ஆர்வத்தைச் சொல்லும் கீன் ஆன்.

என் மதிப்பெண் அட்டையில் 'குட் இன் மேத்ஸ்' என்றே எழுதியிருந்தார்கள். 'குட் அட்' என்பது சரியா?

குட் அட்தான் எங்கும் செல்லும். 'கணக்கில் கெட்டிக்காரன்' என்பதில் உள்ள 'இல்', இன் ஆக மாறிவிடுகிறது. தவறு பிறப்பது அங்கேதான். ஒரு திறமையைச் சொல்லும்போது அட் வரும்: குட் அட், பேட் அட், க்ளெவர் அட், க்விக் அட், ப்ரில்லியன்ட் அட். சமையல், கேரம், கணக்கு எதுவானாலும் இதே கதைதான்.

இன் எடுக்கும் சொற்களும் உண்டு. ஆர்வத்துக்கு இன்ட்ரஸ்டட் இன். மொழிச் சரளத்துக்கு ஃப்ளூயன்ட் இன். அனுபவத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ்ட் இன். இங்கே தமிழின் 'இல்' நமக்குக் கைகொடுக்கிறது, அதனால் இவற்றில் யாரும் தவறுவதில்லை. நெருக்கடி நேரத்தில் பதறாமல் செயல்படுகிறவரை 'குட் இன் அ க்ரைசிஸ்' என்பார்கள். அது திறமையைவிடச் சூழ்நிலையைச் சொல்வதால் இன் வருகிறது.

அப்படியானால் குட் வித், குட் ஃபார், குட் டு எல்லாம் தவறா?

ஒன்றும் தவறில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். குழந்தைகள் ஒருவரிடம் அழாமல் ஒட்டிக்கொண்டால் அவர் 'குட் வித் சில்ட்ரன்'. கீரை 'குட் ஃபார் யூ', உடம்புக்கு நல்லது. கஷ்ட காலத்தில் வாடகை கேட்காமல் இருந்த வீட்டுக்காரர் 'குட் டு அஸ்', நம்மிடம் நல்லபடியாக நடந்துகொண்டவர்.

விண்ணப்பத்தில் 'மேரீட் வித்' என்று எழுதினேன், திருத்தச் சொன்னார்கள். ஒருவரோடுதானே திருமணம் நடக்கிறது?

'ஓடு' என்றால் வித், சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் உறவுச் சொற்கள் டு கேட்கின்றன: மேரீட் டு, நிச்சயமானவர்கள் என்கேஜ்ட் டு, சொந்தக்காரர்கள் ரிலேட்டட் டு. ஒப்புமைச் சொற்களும் அதே வழியில்தான் போகின்றன: சிமிலர் டு, ஈக்வல் டு.

'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்று நாளிதழில் படித்தேனே என்று சிலர் கேட்பார்கள். அது சரியான ஆங்கிலமே. ஆனால் அதற்கு 'மணமானவர், இரண்டு குழந்தைகள் உண்டு' என்று பொருள். அந்த வித், மணமகனையோ மணமகளையோ சுட்டவில்லை. மேரி என்று வினைச்சொல்லாக வந்தால் முன்னிடைச்சொல்லே வேண்டாம்: 'ஷி மேரீட் ஹெர் கஸின்' என்றால் போதும்.

'கு' வந்தால் டு போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்லித் தந்தார். நம்பலாமா?

பாதி வழிதான் அது கூட வரும். 'அவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது' என்பதற்கு 'அலர்ஜிக் டு பீநட்ஸ்'. இங்கே டு சரி, ஆனால் தமிழில் 'கு' அவளோடு ஒட்டியிருக்கிறது, கடலையோடு இல்லை. 'காஞ்சிபுரம் பட்டுக்குப் புகழ்பெற்றது' என்பதற்கு 'ஃபேமஸ் ஃபார் சில்க்'. 'வகுப்புக்குத் தாமதம்' என்பதற்கு 'லேட் ஃபார் க்ளாஸ்'. 'தேர்வுக்குத் தயார்' என்பதற்கு 'ரெடி ஃபார் த எக்ஸாம்'. நம் நான்காம் வேற்றுமை ஒன்றே செய்கிற வேலையை ஆங்கிலம் டு, ஃபார் என்று இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

இரண்டும் சேர்ந்து வரும் இடங்களைப் பாருங்கள், பிரிவினை தெளிவாகும். 'உதவிக்கு உங்களுக்கு நன்றியுடையவன்' என்பதில் இரண்டு 'கு'. ஆங்கிலத்தில் 'க்ரேட்ஃபுல் டு யூ ஃபார் யுவர் ஹெல்ப்'. ஆளுக்கு டு, காரியத்துக்கு ஃபார். பொறுப்பும் அப்படியே: சரக்கு இருப்புக்கு நான் பொறுப்பு என்றால் 'ரெஸ்பான்சிபிள் ஃபார் த ஸ்டாக்', முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்றால் 'ரெஸ்பான்சிபிள் டு த ஓனர்'. ஒரு துணிக்கடைப் பையன் நேர்காணலுக்கு எழுதிவந்த வரியில் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தான். அதைப் படித்தால், முதலாளியைப் பாதுகாப்பது இவன் வேலை என்றும் புடவைகளுக்கு இவன் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் பொருள் வந்தது.

'சீனியர் தேன் மீ' என்றால் தேர்வில் தப்பு என்கிறார்கள். ஏன்? 'என்னைவிட மூத்தவர்' என்பதில் 'விட' இருக்கிறதே?

ஓல்டர் தேன் மீ சரி, டாலர் தேன் மீ சரி. ஆனால் சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் ஆகியவை லத்தீனிலிருந்து வந்தவை. லத்தீனில் அவையே ஒப்பீட்டு வடிவங்கள்; சீனியர் என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே 'இன்னும் மூத்த' என்ற பொருள் இருக்கிறது. ஆங்கிலத்துக்குள் வந்தபோது தேன் எடுக்காமல் டு எடுத்துக்கொண்டன. 'ஹி இஸ் டூ யியர்ஸ் சீனியர் டு மீ' என்று எழுத வேண்டும். ப்ரெஃபரபிள் என்ற சொல்லும் டு கேட்கும். இப்படி டு வரும்போது இவற்றுக்கு முன்னால் மோர் சேர்ப்பதும் தவறு, ஏனென்றால் ஒப்பீடு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

மேஜர், மைனர் என்பவையும் லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள்தாம். ஆனால் ஆங்கிலத்தில் அவை ஒப்பிடும் வேலையை விட்டுவிட்டன. 'மேஜர் டு' என்று யாரும் எழுதுவதில்லை.

அஃப்ரெய்ட் ஆஃப், ப்ரவுட் ஆஃப் என்பதில் ஆஃப் என்றால் 'உடைய' தானே? பயத்துக்கு 'உடைய' எப்படிப் பொருந்தும்?

கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வகுப்பில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. 'உடைய' என்பது ஆஃபின் ஒரு பொருள் மட்டுமே. ஆஃப் என்று நாம் எழுதும் 'உடைய' சொல்லும், விளக்கை ஆஃப் செய் என்பதில் உள்ள சொல்லும் ஒரே பழஞ்சொல்லின் இரண்டு வடிவங்கள். அதன் பழைய பொருள் 'இருந்து, விலகி' என்பது. நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளுக்கு மிக அருகில் வரும். அங்கிருந்து 'ஆல்' என்ற பொருளுக்கும் அது நகர்ந்தது.

அஃப்ரெய்ட் என்பதோ முதலில் 'மிரட்டப்பட்ட' என்று பொருள்படும் செயப்பாட்டு வடிவம். ஆகவே 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்பதன் அடியில் 'நாய்களால் மிரண்ட' என்ற பொருள் உறங்குகிறது. உணர்ச்சி எங்கிருந்து புறப்பட்டது என்பதை ஆஃப் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு பெரிய கூட்டமே புரிந்துவிடும்: ஸ்கேர்ட் ஆஃப், அஷேம்ட் ஆஃப், ப்ரவுட் ஆஃப், டயர்ட் ஆஃப், முன்பு பார்த்த ஜெலஸ் ஆஃப். அறிவைச் சொல்லும் அவேர் ஆஃப், கான்ஷஸ் ஆஃப் ஆகியவையும் இந்தக் கூட்டத்தோடு உட்காருகின்றன. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும்போது, உணர்ச்சிச் சொல்லானால் ஆஃப் பக்கம் சாய்வது மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. கோபம், எரிச்சல் போன்ற சில இதில் சேரா. அவற்றை இரண்டாம் கேள்வியில் பார்த்துவிட்டோம்.

டயர்ட் ஆஃப், டயர்ட் ஃப்ரம் இரண்டையும் கேட்டிருக்கிறேன். எதைச் சொல்வது?

சொல்லவரும் பொருளைப் பொறுத்தது. இங்கே தவறினால் இலக்கணம் கெடாது, அர்த்தம் கெட்டுவிடும். வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஒரு செவிலியருக்கு மாதிரி நேர்காணல் நடத்தினேன். முந்தின இரவு பணி முடித்துவிட்டு, கோடம்பாக்கத்தில் மின்சார ரயிலைப் பிடித்து, தூங்காமல் நேரே வந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு 'ஐ ஆம் டயர்ட் ஆஃப் நைட் ட்யூட்டி' என்றார். 'இரவுப் பணி அலுத்துப்போய்விட்டது, இனி வேண்டாம்' என்று அதற்கு அர்த்தம். நேர்காணலில் இதைச் சொன்னால் வேலை கைநழுவும். அவர் சொல்ல நினைத்தது உடல் அசதி: 'டயர்ட் ஃப்ரம் நைட் ட்யூட்டி'. இரண்டையும் பலகையில் எழுதிக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சென்ற ஆண்டு தொலைபேசி நேர்காணலிலும் இதையே சொன்னதாகச் சொன்னார்.

இப்படிப் பொருள் பிரியும் ஜோடிகளைத் தனியாகக் கவனியுங்கள். 'ஆங்ஷஸ் அபவுட் த ரிசல்ட்' என்றால் முடிவைப் பற்றிய கவலை; 'ஆங்ஷஸ் ஃபார் நியூஸ்' என்றால் செய்திக்கான தவிப்பு. 'கன்சர்ன்ட் அபவுட்' என்றால் கவலைப்படுகிறவர். ஒரு புத்தகம் 'கன்சர்ன்ட் வித்' என்றால் அதன் பொருள் அதைப் பற்றியது. 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் திஸ் ஸ்ட்ரீட்' என்றால் தெரு எனக்குப் பழக்கம்; 'திஸ் ஸ்ட்ரீட் இஸ் ஃபெமிலியர் டு மீ' என்றாலும் அதுவேதான், ஆனால் எழுவாய் இடம் மாறியதால் முன்னிடைச்சொல்லும் மாறியது. தெரிந்துவைத்திருக்கும் மனிதர் எழுவாயாக முன்னால் நின்றால் வித், அவருக்குத் தெரிந்த பொருள் முன்னால் நின்றால் டு.

'கைண்ட் ஆஃப் யூ' என்பதும் 'கைண்ட் டு யூ' என்பதும் ஒன்றா?

இல்லை. ஒருவர் மழையில் நனைந்துகொண்டு வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அவரிடம் 'இட் இஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ' என்று சொல்லலாம். அந்த நல்ல மனம் அவருடையது. இங்கே ஆஃப் என்பதற்கு 'உடைய' என்ற பொருள் ஏறக்குறைய பொருந்துகிறது. 'ஹி வாஸ் கைண்ட் டு மை மதர்' என்றால் என் தாயிடம் அன்பாக நடந்துகொண்டார் என்று அர்த்தம்.

தமிழில் 'இடம்' என்று வரும் நடத்தைச் சொற்களில் பல டு எடுக்கும்: ரூட் டு, பொலைட் டு, க்ரூயல் டு. கண்டிப்பும் பொறுமையும் வித் எடுக்கும்: ஸ்ட்ரிக்ட் வித், பேஷன்ட் வித், ஹானஸ்ட் வித்.

'நியர் டு', 'வொர்த் ஆஃப்' என்று எழுதினால் சிவப்புக் கோடு போடுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும் என்றீர்களே?

எல்லாவற்றுக்கும் என்று சொல்லவில்லை. விலக்கானவை சில உண்டு. 'வொர்த்' எதுவும் கேட்காது: 'வொர்த் டென் ருபீஸ்', 'வொர்த் ரீடிங்'. 'லைக்' கேட்காது. இடத்தைச் சொல்லும்போது 'நியர் எக்மோர் ஸ்டேஷன்' போதும். 'பிஸி' என்பதோடு பெயர் வந்தால் வித். வினை வந்தால் ஒன்றும் வேண்டாம்: 'பிஸி குக்கிங்'. நம் ஊர் முகவரிகளில் 'ஆப்போசிட் டு பஸ் ஸ்டாண்ட்' என்று பார்க்கிறோம்; 'ஆப்போசிட் த பஸ் ஸ்டாண்ட்' என்பதே இயல்பான வழக்கு.

டு வந்தால் வினைச்சொல்லின் மூல வடிவம்தானே வர வேண்டும்? 'யூஸ்ட் டு லிவிங்' எப்படி வருகிறது?

ஆங்கிலத்தில் இரண்டு டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 'போக, வர, செய்ய' என்பதில் உள்ள 'அ' போன்றது, வினையோடு பிறந்தது. 'ஏபிள் டு ஸ்விம்', 'லைக்லி டு ரெயின்'. மற்றது முழு முன்னிடைச்சொல். அதற்குப் பின் பெயர்தான் வரும். வினை வர வேண்டுமானால் இங் சேர்த்துக்கொண்டு 'போவது, வருவது' என்பது போலப் பெயராக மாறித்தான் வரும்: 'அக்கஸ்டம்ட் டு வேக்கிங் அர்லி', 'ஆப்போஸ்ட் டு பில்டிங் இட்'.

எந்த டு என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. வினையை எடுத்துவிட்டு இட் போட்டுப் பாருங்கள். 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே இங் வேண்டும்: 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் சென்னை', சென்னையில் வாழ்ந்து பழகிவிட்டேன். 'ஐ ஆம் ஏபிள் டு இட்' நிற்கவில்லை, ஆகவே மூல வடிவம். 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் சென்னை' என்பது வேறு. அங்கே ஆம் இல்லை, முன்பு வாழ்ந்தேன் என்று மட்டும் பொருள்.

மற்ற முன்னிடைச்சொற்களுக்கும் இங்தான். 'இன்ட்ரஸ்டட் இன் டு லேர்ன்' என்பதை 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்' ஆக்குங்கள். முடியும் என்பதற்கு ஏபிள் என்றால் 'டு டூ', கேப்பபிள் என்றால் 'ஆஃப் டூயிங்'.

டிஃபரன்ட் ஃப்ரம், டிஃபரன்ட் டு, டிஃபரன்ட் தேன். மூன்றையும் பார்க்கிறேன். மூன்றில் இரண்டு தவறுதானே?

மூன்றும் வழக்கில் உள்ளவை. ஃப்ரம் எல்லா நாட்டிலும் செல்லும். டு பிரிட்டிஷ்காரர்களின் பேச்சில் சகஜம். தேன் அமெரிக்காவில் அதிகம், அதிலும் பின்னால் ஒரு முழு வாக்கியம் தொடரும்போது. ஃப்ரம் மட்டுமே வரலாம் என்பது மூடநம்பிக்கை என்று ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஹென்றி ஃபவுலர் 1926-லேயே சொல்லிவிட்டார்.

இருந்தாலும் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்வேன்: ஃப்ரம் எழுதுங்கள். 'அதிலிருந்து வேறுபட்டது' என்று தமிழும் அதே பக்கம் நிற்கிறது. அடுத்தவர் டு சொன்னால் திருத்தப் போகாதீர்கள்.

டிபெண்டன்ட் ஆன் என்றால், இன்டிபெண்டன்ட் ஆன் என்பதும் சரிதானே?

சரியில்லை. இன்டிபெண்டன்ட் ஆஃப். பெயர்ச்சொல் ஆனால் மறுபடியும் மாறும்: இன்டிபெண்டன்ஸ் ஃப்ரம். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளிக்குப் போவதில்லை. ப்ரவுட் ஆஃப், ஆனால் டேக் ப்ரைட் இன். ஃபாண்ட் ஆஃப், ஆனால் ஃபாண்ட்னெஸ் ஃபார். ஃபுல் ஆஃப், ஆனால் ஃபில்ட் வித். கான்ஃபிடன்ட் ஆஃப் சக்சஸ், ஆனால் கான்ஃபிடன்ஸ் இன் யூ.

இதற்கு விதி தேட வேண்டாம். 'அவனை நம்பினான்', 'அவன் மேல் நம்பிக்கை வைத்தான்' என்பதில் வினைக்கு 'ஐ' வந்து, பெயருக்கு 'மேல்' வருவதை நாம் யாரிடம் விதி கேட்டுத் தெரிந்துகொண்டோம்? வீட்டில் கேட்டோம், வந்தது.

வீட்டில் ஆங்கிலம் கேட்க எனக்கு வாய்ப்பில்லை. எப்படி மனத்தில் நிறுத்துவது?

பட்டியலை மனப்பாடம் செய்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வாய் திறந்ததும் பட்டியல் மறந்துபோகிறது. ஒரு பெயரடைக்கு உங்களைப் பற்றிய ஓர் உண்மையான வாக்கியம் எழுதுங்கள். எழுபது வயது மாமி ஒருவரின் நோட்டில் இருந்த வரிகள்: 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் லிஃப்ட்ஸ். ஐ ஆம் குட் அட் கோலம். ஐ ஆம் டயர்ட் ஆஃப் ஸீரியல்ஸ்.' மூன்றும் அவர் வாழ்க்கை. ஒருநாளும் அவர் இவற்றில் தவறியதில்லை.

அதோடு தினமும் ஆங்கில நாளிதழில் ஒரே ஒரு செய்தியை எடுத்து, பெயரடையையும் அதன் முன்னிடைச்சொல்லையும் சேர்த்து ஒரே கோடாக அடிக்கோடிடுங்கள். இரண்டும் ஒரே சொல் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். அகராதியில் பார்க்கும்போதும் பொருளோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். கூட வரும் முன்னிடைச்சொல் அங்கேதான் இருக்கும்.

கேள்வியாகக் கேட்டால் முன்னிடைச்சொல் கடைசியில் தொங்குகிறது. 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?' என்று முடிக்கலாமா?

தாராளமாக முடிக்கலாம். அதை விட்டுவிட்டு 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?' என்பதுதான் பிழை. ஆனால் தட் என்று ஒரு வாக்கியம் தொடர்ந்தால் முன்னிடைச்சொல் விலகிக்கொள்ளும்: 'ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் மை டாட்டர்', ஆனால் 'ஐ ஆம் ப்ரவுட் தட் ஷி பாஸ்ட்'.

ஒரே பெயருக்கு இரண்டு பெயரடை வந்தால்? 'ஹி இஸ் ஃபாண்ட் அண்ட் குட் அட் செஸ்' என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது.

இரண்டுக்கும் ஒரே முன்னிடைச்சொல் என்றால் ஒருமுறை எழுதினால் போதும்: 'அஷேம்ட் அண்ட் டயர்ட் ஆஃப் இட்'. வேறு வேறு என்றால் இரண்டையும் எழுத வேண்டும்: 'ஹி இஸ் ஃபாண்ட் ஆஃப் அண்ட் குட் அட் செஸ்'. இலக்கணம் சரி, ஆனால் கரடுமுரடாக இருக்கிறது. என் கை அதை இப்படி மாற்றும்: 'ஹி இஸ் ஃபாண்ட் ஆஃப் செஸ் அண்ட் குட் அட் இட்'. தமிழிலும் 'அவன் சதுரங்கத்தின் மேல் ஆசையும் அதில் திறமையும் உள்ளவன்' என்றுதானே சொல்கிறோம்.

தேர்வு அறையில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் என்ன செய்வது?

விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியானால், நான்கையும் உங்கள் நோட்டில் எழுதிய சொந்த வாக்கியத்தில் வைத்து மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். கட்டுரையோ கடிதமோ ஆனால் அந்தப் பெயரடையை விட்டு விலகிச் செல்லுங்கள். 'அஃப்ரெய்ட்' தடுமாறினால் 'ஐ ஃபியர் டாக்ஸ்' என்று வினையால் சொல்லலாம். 'ஃபாண்ட்' வரவில்லையா, 'ஐ லவ் செஸ்' இருக்கிறது. 'கேப்பபிள்' சந்தேகமா, 'ஐ கேன் டூ இட்' போதும். 'டிஃபரன்ட்' குழப்பினால் 'நாட் த சேம் ஆஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, தடுமாறிய சொல்லை அகராதியில் பார்த்து நோட்டில் ஏற்றிவிடுங்கள்.